இலவச எச்.டி டிஷ் வாங்கப் போறீங்களா? கடைக்குப் போகும் முன் உங்கள் டிவியின் முதுகைப் பாருங்க!

சீரியலில் தாலி கட்டும் நேரம். கல்யாணம் நடக்குமா, நிற்குமா என்று வீடே காத்திருக்கும்போது திரையில் வந்து நிற்கிறது அந்த வாசகம்: உங்கள் ரீசார்ஜ் முடிந்துவிட்டது. மகனோ மகளோ வேலையிலிருந்து திரும்பி, போனில் பணம் போட்டு, படம் திரும்ப வருவதற்குள் கல்யாணம் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இது மாதாமாதம் நடக்கும்போதுதான், "மாசக் காசே இல்லாம ஒரு டிஷ் இருக்காமே?" என்ற பேச்சு வீட்டில் எழும். இருக்கிறது. தூர்தர்ஷனின் 'டிடி ஃப்ரீ டிஷ்'. 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் ப்ளஸ்' என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது. 2024-ல் நாடு முழுக்கச் சுமார் 4.9 கோடி வீடுகளில் இது இருப்பதாக மதிப்பீடு. டிஷ், பெட்டி எல்லாம் சேர்த்து ஒரே முறை சுமார் 2,000 ரூபாய் செலவு என்பது அரசுத் தரப்பு சொல்லும் கணக்கு. அதற்குப் பிறகு ரீசார்ஜும் கிடையாது, மாதக் கட்டணமும் கிடையாது.

கேபிளிலும் மற்ற டிடிஎச்-சிலும்கூட இலவச சேனல்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் கட்டணச் சேனல் ஒன்றுகூட வேண்டாம் என்றாலும், இணைப்புக்கென 'என்.சி.எஃப்' என்று ஒரு தொகையை மாதாமாதம் கட்டியாக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு முதல் 200 சேனல்களுக்கு இது அதிகபட்சம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு என்று இருந்தது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது. ஃப்ரீ டிஷ்ஷில் இந்தக் கட்டணம் இல்லை.

அப்புறம் என்ன, வாங்கிவிடலாமே? இங்கேதான் பலரும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, ஃப்ரீ டிஷ்ஷுக்கு எச்.டி பாக்ஸ் இருக்கா?"

"ஃபோர்-கே பாக்ஸே இருக்கு தம்பி. ஆயிரம் சேனல் வரும்."

"சன் டிவி, விஜய் டிவி எல்லாம் வருமா?"

"எல்லாம் வரும். எடுத்துட்டுப் போங்க, பார்த்துக்கலாம்."

வீட்டில் மாட்டிய பிறகு சேனல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால் ஹிந்தி, ஹிந்தி, போஜ்புரி, மறுபடியும் ஹிந்தி. நடுவில் டிடி தமிழ். பாட்டி ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

பெட்டி எச்.டி, படம்?

முதலில் அந்த 'எச்.டி' ஸ்டிக்கர். பெட்டி எச்.டி-யாக இருப்பது ஒன்று, வானத்திலிருந்து வரும் சேனல் எச்.டி-யாக இருப்பது வேறொன்று.

சாதாரண சேனல் ஒன்றின் படம் 576 வரிகளால் ஆனது. எச்.டி சேனலில் 1,080 வரிகள். 576 வரிகளோடு வரும் படத்தை எச்.டி பெட்டி 1,080-க்கு இழுத்து நீட்டித் தரும். டிவியின் தகவல் பட்டையில் '1080' என்று காட்டவும் செய்யும். ஆனால் வராத வரியை எந்தப் பெட்டியும் புதிதாக உண்டாக்க முடியாது. 43 அங்குல டிவியில் முகங்கள் மெழுகு பூசினாற்போல் தெரிவது இதனால்தான். மோரில் தண்ணீர் ஊற்றினால் அளவு கூடும், அவ்வளவுதான்.

ஃப்ரீ டிஷ்ஷில் உண்மையான எச்.டி சேனல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. டிடி நேஷனல், டிடி நியூஸ் என்று பெரும்பாலும் தூர்தர்ஷனின் சொந்தச் சேனல்கள்தாம். மற்றவை எல்லாம் சாதாரணத் தரம். ஃபோர்-கே சேனல் அங்கே ஒன்றுகூட இல்லை. அட்டைப் பெட்டியில் ஃபோர்-கே என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும், அது பெட்டியில் போடும் யூ.எஸ்.பி வீடியோவுக்கோ யூடியூபுக்கோ உதவலாம். டிஷ் வழியாக வரும் படத்துக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

அப்படியானால் எச்.டி பெட்டி வேண்டாமா? வேண்டும்தான். காரணம் வேறு.

ஃப்ரீ டிஷ் சேனல்கள் இரண்டு விதமாக வருகின்றன. ஒரு பகுதி 'எம்பெக்-2' என்ற பழைய முறையில். இன்னொரு பகுதி 'எம்பெக்-4' என்ற புதிய முறையில். பழைய எம்பெக்-2 பெட்டியில் இரண்டாவது வகை வராது. ஸ்கேன் செய்தால் அந்தச் சேனல்கள் பட்டியலிலேயே ஏறாமல் போகலாம், அல்லது பெயர் மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்கலாம். எம்பெக்-4 பெட்டியில் இரண்டுமே வரும். எச்.டி சேனல்கள் எல்லாம் எம்பெக்-4 பக்கம்தான் இருக்கின்றன. எனவே சில நூறு ரூபாய் மிச்சம் என்று பழைய வகைப் பெட்டியை வாங்குவது, டபுள் டெக்கர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு மேல் மாடிக்குப் போகக் கூடாது என்பதைப் போல.

பெட்டியின் அட்டையில் பார்க்க வேண்டிய சொற்கள் மூன்றே மூன்று: எம்பெக்-4 (சில பெட்டிகளில் எச்.264 என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்), டி.வி.பி-எஸ்2, எச்.டி.எம்.ஐ. இதில் கடைசியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. எச்.டி.எம்.ஐ என்பது பெட்டியிலிருந்து டிவிக்குப் படம் போகும் வழி. டிஷ்ஷிலிருந்து பெட்டிக்கு என்ன வருகிறது என்பதை முதல் இரண்டும்தான் சொல்லும். இன்னொன்று, மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட பழைய ஏ.வி வயரில் மாட்டினால் எச்.டி சேனலும் சாதாரணப் படமாகத்தான் தெரியும். பெட்டியோடு எச்.டி.எம்.ஐ வயர் தருகிறார்களா என்று கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது. பல பெட்டிகளோடு ஏ.வி வயர்தான் வருகிறது.

அங்கீகாரம் என்ற ஒரு விஷயமும் உண்டு. தூர்தர்ஷன் சில தயாரிப்பாளர்களுக்கு எம்பெக்-4 பெட்டி செய்ய அனுமதி கொடுத்திருக்கிறது. அந்தப் பெட்டிகளில், இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 'ஐகாஸ்' என்ற அங்கீகார முறை உள்ளே இருக்கும். கடையில் கிடைக்கும் மற்ற எம்பெக்-4 பெட்டிகளிலும் இன்று திறந்த நிலையில் வரும் சேனல்களைப் பார்க்கலாம். நாளை ஏதாவது சேனல் ஐகாஸ் முறைக்குள் போனால் அங்கீகாரப் பெட்டிதான் உதவும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் அதையே எடுக்கலாம்.

பாட்டியின் சீரியல் வருமா?

நேரடியான பதில்: வராது. சன், விஜய், ஜீ தமிழ் போன்ற பெரிய தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்கள் கட்டணச் சேனல்கள். அவை ஃப்ரீ டிஷ்ஷில் இல்லை.

ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் இடம்பிடிப்பது மின்-ஏலத்தில். யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்கு இடம். பார்வையாளர்கள் பெரும்பாலும் வட மாநிலக் கிராமங்களில் இருப்பதால் பணம் போட்டு வருபவை ஹிந்தி சேனல்களாகவே இருக்கின்றன. அவையும் நிரந்தரமில்லை. 2022 ஏப்ரலில் ஸ்டார், ஜீ, சோனி, கலர்ஸ் குழுமங்களின் இலவச ஹிந்திச் சேனல்கள் ஒரே நேரத்தில் விலகிக்கொண்டன. இன்று வரும் சேனல் அடுத்த ஏப்ரலில் இருக்கும் என்று எந்தக் கடைக்காரரும் உறுதி தர முடியாது.

சிலர் இதற்கு ஒரு குறுக்குவழி சொல்வார்கள். "பாக்ஸோட ஒரு வருஷ சர்வர் தர்றோம், வைஃபைல கனெக்ட் பண்ணினா எல்லா சேனலும் ஓப்பன்" என்பார்கள். கட்டணச் சேனலின் பூட்டை இன்டர்நெட் வழியாகத் திருட்டுத்தனமாகத் திறக்கும் வேலை இது. சட்டப்படி தவறு. நிறுவனம் சாவியை மாற்றிய மறுநாளே படம் நின்றுவிடும். அப்போது முன்பணமாகக் கொடுத்த ஒரு வருஷக் காசைக் கேட்டு யாரிடம் போவது? ரசீதும் இருக்காது.

தமிழ்ச் செய்திச் சேனல்களும் இலவசமாக வேண்டும் என்பவர்கள் 'சி பேண்ட்' எனப்படும் பெரிய டிஷ்ஷை நாடுகிறார்கள். மொட்டை மாடியில் 6 அடிக் குடையைக் கவிழ்த்து வைத்ததுபோல் நிற்குமே, அதுதான். பூட்டுப் போடாமல் அனுப்பப்படும் தமிழ்ச் சேனல்கள் அதில் கிடைக்கும். ஆனால் காற்றுக்கு அசையாத கம்பம், சிமென்ட் தளம், விவரம் தெரிந்த ஆள் என்று செலவு வேறு கணக்கு. வாடகை வீட்டில் வீட்டுக்காரர் முகத்தையும் பார்க்க வேண்டும். அந்த எண்ணம் இருப்பவர்கள் வாங்கும் பெட்டியில் 'டைசெக்' வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பின்னாளில் ஒரு சிறிய சுவிட்ச் போட்டு, இரண்டு டிஷ்களையும் அதே பெட்டியில் இணைக்கலாம்.

சீரியல்தான் உயிர் என்கிற வீட்டுக்கு ஃப்ரீ டிஷ் பொருந்தாது. ஆனால் கிரிக்கெட் வீடு என்றால் கதையே வேறு.

மேட்ச் மட்டும் ஏன் இங்கே வருகிறது?

'கேபிள்ல டிடி ஸ்போர்ட்ஸ் வைச்சா பழைய கபடி ஓடுது, பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ல இந்தியா மேட்ச் ஓடுது, எப்படி?' என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. காரணம் 2007-ல் வந்த ஒரு சட்டம். தேசிய முக்கியத்துவம் உள்ள விளையாட்டுகளின் ஒளிபரப்பை, உரிமை வாங்கிய தனியார் நிறுவனம் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்கிறது அது. இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 சர்வதேச ஆட்டங்கள் இந்தப் பட்டியலில் வருகின்றன. ஐபிஎல் வராது.

அப்படிப் பகிர்ந்த படம் எங்கே போகலாம் என்று வழக்கு நடந்தது. தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் அதன் சொந்த டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளுக்கும் தனியார் டிடிஎச்-சுக்கும் அது போகக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால்தான் மாதம் பணம் கட்டுபவர் வீட்டில் வராத மேட்ச், பணமே கட்டாதவர் வீட்டில் வருகிறது. வாழ்க்கையில் இப்படி நடப்பது அபூர்வம்.

படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கும் ஒரு லாபம் உண்டு. 2017-ல் தொடங்கிய மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'ஸ்வயம் பிரபா' கல்விச் சேனல்களை இதே டிஷ்ஷில் பார்க்கலாம். தாத்தாவுக்கு ரேடியோ பிடிக்கும் என்றால், அகில இந்திய வானொலியின் நிலையங்கள் பலவும் ரிமோட்டில் ரேடியோ பட்டனை அழுத்தினால் கரகரப்பே இல்லாமல் கேட்கும். பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழும் இருக்கிறது.

பெட்டியே தேவைப்படாத வீடு

இனி அந்த டிவியின் முதுகு. கடந்த சில ஆண்டுகளில் ஸ்மார்ட் டிவி வாங்கியவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் டிவியின் பின்பக்கத்தை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கலாம். பழைய ஆன்டெனா வயர் செருகும் வழவழப்பான துளை எல்லா டிவியிலும் இருக்கும். அதன் பக்கத்திலேயே மறை போட்ட, திருகி இறுக்கக்கூடிய இன்னொரு முனை இருந்து, அதன் மேல் 'சாட்டிலைட்' என்றோ 'எல்.என்.பி' என்றோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உங்கள் டிவிக்குள்ளேயே சாட்டிலைட் ரிசீவர் இருக்கிறது. டிஷ்ஷிலிருந்து வரும் வயரை நேராக அதில் திருகி, செட்டிங்ஸில் சாட்டிலைட்டைத் தேர்ந்தெடுத்து ஸ்கேன் செய்தால் போதும். பெட்டி வேண்டாம், இரண்டாவது ரிமோட் வேண்டாம், பெட்டிக்கென்று ஒரு பிளக்கும் வேண்டாம்.

இப்படி ரிசீவர் உள்ளேயே இருக்கும் டிவிகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 'ஐ.எஸ் 18112:2022' என்று தனித் தரமே வகுத்திருக்கிறது. புது டிவி வாங்கும் திட்டம் இருந்தால், விற்பனையாளரிடம் ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் என்று கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்கலாம்.

அதேபோல டிஷ்ஷும் புதிதாக வாங்க வேண்டியதில்லாமல் போகலாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட டிடிஎச் டிஷ் மாடியில் துருப்பிடித்துக்கொண்டு கிடக்கிறதா? அது உங்கள் சொந்தப் பொருள் என்றால், தட்டு வளையாமல் இருந்தால், அதையே பயன்படுத்தலாம். பெரும்பாலும் அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி-யும் பொருந்தும். பழைய பெட்டி மட்டும் உதவாது. அது அந்த நிறுவனத்தின் சேனல்களுக்கென்று பூட்டப்பட்டது.

திருப்ப வேண்டிய திசைதான் வேறு. ஃப்ரீ டிஷ் வருவது 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 என்ற இஸ்ரோ சாட்டிலைட்டிலிருந்து. அது நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்கே 93.5 டிகிரியில். டாடா ப்ளே 83-ல் இருக்கிறது, ஏர்டெல் 108.2-ல். ஆகவே பழைய டிஷ்ஷை அப்படியே விட்டுவிட்டு ஸ்கேன் செய்தால் ஒன்றும் வராது.

தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் ஜிசாட்-15 இருப்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அக்னி மூலைப் பக்கம், தென்கிழக்கில். போனில் உள்ள திசைகாட்டியில் வடக்கு பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டால் சென்னையில் சுமார் 134 டிகிரி. மதுரை, கோவையில் 122, 123. கன்னியாகுமரியில் 116 என்று இன்னும் கிழக்கே நகர்ந்துவிடும். உயரம் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட 67 முதல் 69 டிகிரி, அதாவது உச்சிக்கு ஓரளவு பக்கத்திலேயே. அந்தப் பக்கம் மாடிப்படிக் கூண்டோ, வேப்பமரக் கிளையோ, புதிதாக எழும்பும் அப்பார்ட்மென்டோ மறைத்தால் எந்தப் பெட்டி வாங்கியும் பயனில்லை. எனவே பெட்டிக்கு முன் ஆகாயத்தைப் பார்த்துவிட வேண்டும்.

டிஷ்ஷைத் திருப்பும்போது பெட்டியின் திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி'. முதல் பட்டை டிஷ் சுவரைப் பார்த்து நின்றாலும்கூட பாதிக்கு மேல் காட்டும், எல்.என்.பி உயிரோடு இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. பார்க்க வேண்டியது குவாலிட்டியை. கீழே ஒருவர் வீடியோ காலில் திரையைக் காட்ட, மேலே ஒருவர் மயிரிழை மயிரிழையாக அசைக்க வேண்டும். வயரைக் கழற்றி மாட்டும்போது பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அந்த வயர் வழியாகத்தான் எல்.என்.பி-க்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் மேலே போகிறது. நடுக் கம்பி ஓரத்தில் பட்டால் புதுப் பெட்டி பழுதாகலாம். வெளியே இருக்கும் முனையில் தண்ணீர் இறங்காதபடி டேப் சுற்றுவதும் அவசியம்.

மழை பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். பெட்டிக் கோளாறு இல்லை. இந்த அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. எந்தத் தனியார் டிடிஎச்-சும் இதற்கு விலக்கல்ல. 60 செ.மீ. டிஷ் பொதுவாகப் போதும் என்றாலும், ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் கொட்டும் ஊர்களில் 75 அல்லது 90 செ.மீ. தட்டு வாங்கினால் தாக்குப்பிடிக்கும் நேரம் கூடும்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. அந்தப் பெட்டியையே அங்கே உள்ள டிவியில் எச்.டி.எம்.ஐ வயரில் மாட்டச் சொல்லி, டிடி நேஷனல் எச்.டி-யை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து, ஏதாவது ஒரு சாதாரண சேனலுக்கு மாற்றச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். "டெமோவுக்கு டிஷ் இல்லீங்க" என்றால் திருப்பித் தரும் நாள் எத்தனை என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும் டிடி தமிழ், டிடி ஸ்போர்ட்ஸ், செய்தி, ரேடியோ என்று வீட்டில் பார்ப்பவற்றை மட்டும் 'ஃபேவரைட்' பட்டியலில் ஏற்றிவிட்டால், பாட்டி நூறு ஹிந்தி சேனல்களைத் தாண்ட வேண்டியதில்லை. ஏதாவது ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்த சேனல் காணாமல் போனால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒருமுறை 'ஆட்டோ ஸ்கேன்' போட்டுப் பாருங்கள். பாதி நேரம் சேனல் எங்கும் போயிருக்காது, இடம்தான் மாறியிருக்கும்.